வட்டில் இடமில்லை என்று ஒரு பொய்

தாத்தா எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து வருகிறேன். யாருக்கு எழுதியது, எந்தச் சண்டையில் எழுதியது என்று பாட்டி சொல்வதை அந்தந்தக் கோப்போடு எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட்டாகச் சேர்த்தேன். கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடாமல் மேலே ஒட்டி வைக்கும் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமான கதை ஒன்றைச் சேர்த்தபோது லினக்ஸ் சொன்னது: வட்டில் இடமில்லை! பார்த்தால் பாதி வட்டு காலி.

விஷயம் இதுதான். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் வழக்கமான அமைப்பில், ஒரு கோப்பின் எல்லாச் சீட்டுகளும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு பிளாக்குக்குள், அதாவது 4096 பைட்டுக்குள், அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் நாலாயிரம் எழுத்து. யூடிஎஃப்-8இல் தமிழ் 'க'வுக்கு 3 பைட், 'கொ'வுக்கு 6. ஆயிரம் எழுத்தைத் தாண்டுவதே கஷ்டம். அதே சீட்டு எக்ஸ்எஃப்எஸ்ஸில் 64 கிலோபைட் வரை போகலாம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் வழக்கமாக 16 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஃபேட்32 பென்டிரைவில் சீட்டுக்கே இடம் கிடையாது.

"எல்லை வேண்டாமா? சீட்டு சின்னதாக இருந்தால்தானே வேகம்?" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். 2017இல் லினக்ஸ் 4.13 வந்தபோது எக்ஸ்ட்4இலும் பெரிய சீட்டுக்கு வழி செய்தார்கள். ஆனால் அதை நாமேதான் இயக்க வேண்டும். என் சண்டை எல்லையோடு இல்லை, அதை மறைப்பதோடு. சீட்டில் இடமில்லை என்றால் அப்படியே சொல்லலாமே? வட்டின்மேல் ஏன் பழி?

இதைவிட மோசம் நகலெடுப்பது. லினக்ஸில் வெறும் 'சிபி' கட்டளை கொடுத்தால் படம் போகும், சீட்டு போகாது. '-ஏ' சேர்த்தால் சீட்டையும் கொண்டுபோகப் பார்க்கும். போய்ச் சேரும் இடம் ஏற்காவிட்டால் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் விட்டுவிடும். அப்படித்தான் பென்டிரைவுக்குப் போன 40 கடிதங்களும் ஊமையாகிப் போயின. நல்லவேளை, மூலக் கோப்புகளை அழித்திருக்கவில்லை.

கொண்டுபோக முடியாததை முடியாது என்று சொல்லாத கருவியை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது. இப்போது ஒவ்வொரு கடிதத்துக்கும் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு சாதாரண உரைக்கோப்பு வைக்கிறேன். பழைய முறைதான், அழகும் இல்லைதான். ஆனால் எந்த வட்டுக்கும் போகும். பாட்டிக்கு வயது 86. தொலைந்ததையெல்லாம் மறுபடி கேட்டு எழுத எத்தனை நாள் கிடைக்கும்?