ஒரே கடிகாரம், இரண்டு விடியல்

டெல்லியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். போன வாரம் பூகோளப் புத்தகத்தோடு வந்து பாடம் ஒப்பித்தாள். "பூமி ஒரு முறை சுழல 24 மணி நேரம். ஒரு மணிக்கு 15 டிகிரி. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம்." ஒரு தவறும் இல்லை. "அதனால் என்ன ஆகிறது?" என்று கேட்டேன். "பரீட்சைக்கு இவ்வளவு போதும் மாமா" என்றாள்.

ஆனால் புத்தகத்தை மூடியதும் அவளே ஒரு கேள்வி கேட்டாள். அவள் அப்பாவுக்கு குவாஹாத்தியில் வேலை. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குப் போன் செய்தால், "இங்கே இருட்டிவிட்டது" என்பாராம். டெல்லியில் அப்போது வெளிச்சம் இருக்கும். "ஒரே நாடு, கடிகாரத்தில் ஒரே மணி. பின் எப்படி?"

பதில் அவள் ஒப்பித்த பாடத்திலேயே இருந்தது. டெல்லி சுமார் 77 டிகிரி கிழக்கு, குவாஹாத்தி சுமார் 92. கழித்து நான்கால் பெருக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் வந்தது. அவள் முகத்தில் ஆச்சரியம். மனப்பாடம் செய்த எண் அப்பாவின் ஊரைத் தொட்டுவிட்டது.

பூகோளத்தின் பால பாடமே இந்த இரண்டு வகைக் கோடுகள்தான். அட்சரேகை, தீர்க்கரேகை என்று படித்தவர்கள் நாங்கள். இன்றைய தமிழகப் பாடநூல்களில் அவை அட்சக்கோடு, தீர்க்கக்கோடு. பெயர் எதுவானாலும், இரண்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசத்தை வகுப்பில் அதிகம் சொல்வதில்லை. பூமத்திய ரேகை இயற்கை கொடுத்தது. பூமி சுழல்வதால் இரு துருவங்கள். இரண்டுக்கும் நடுவே அந்த ரேகை. எந்த அரசாங்கமும் அதை நகர்த்த முடியாது. தீர்க்கரேகைக்கு அப்படி இயற்கையான தொடக்கம் கிடையாது. பூஜ்யத்தை எங்கிருந்தும் எண்ணத் தொடங்கலாம். நம் பழைய வானநூலார் உஜ்ஜயினியிலிருந்து எண்ணினார்கள்; பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸிலிருந்து. 1884இல் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, லண்டனை அடுத்த கிரீன்விச்சைத் தேர்ந்தெடுத்தனர். ஆதரவு 22 வாக்குகள். பிரான்ஸ் வாக்களிக்கவில்லை. உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை அதற்குள் கிரீன்விச் வரைபடங்களையே பயன்படுத்திவந்தன என்பதுதான் முக்கியக் காரணம்.

ஆக, பூஜ்யம் என்பது ஓர் உடன்பாடு. அதை வைத்துக் கணக்கிடும் நம் கைக்கடிகார நேரமும் உடன்பாடுதான்.

ஒரு காலத்தில் இந்தியாவில் ஊருக்கு ஊர் நேரம் வேறு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட வானாய்வுக்கூடத்தின் கணக்குப்படி, மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்ததால் ரயில்வேயும் அதையே ஏற்றது. 1906 ஜனவரி 1 முதல் மிர்ஸாபூர் அருகே செல்லும் 82½ டிகிரி ரேகையை ஆதாரமாகக் கொண்ட இந்தியப் பொது நேரம் வந்தது. 5½ மணி முன்னால். மெட்ராஸ் தன் கடிகாரத்தை 9 நிமிடம் தள்ளிவைத்ததோடு வேலை முடிந்தது. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாயில் 1950கள் வரை பழைய நேரமும் வழக்கில் இருந்தது.

ஒன்பது நிமிடம் யாரையும் வருத்தாது. கிழக்கே போகப் போகத்தான் கணக்கு கனக்கிறது. அருணாசலப் பிரதேசத்தின் கிழக்குக் கோடியில் ஜூன் மாதம் நாலரை மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். குஜராத்தின் துவாரகையில் ஆறு மணிக்கு மேல்தான். டிசம்பரில் அதே கிழக்குக் கோடியில் மாலை நாலரைக்குள் அஸ்தமனம். ஆனால் அலுவலகங்கள் டெல்லி கடிகாரப்படி. காலை வெளிச்சம் வீணாகிறது. மாலையில் விளக்குப் போட்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் இதற்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே வழி கண்டன. 'பாகான் டைம்', அதாவது தோட்ட நேரம், பொது நேரத்துக்கு ஒரு மணி முன்னால். பல தோட்டங்களில் இன்றும் அதுதான் நடைமுறை.

வடகிழக்குக்குத் தனி நேரம் வேண்டும் என்ற கோரிக்கை பழையது. 2017இல் அப்படி ஒரு மனுவை குவாஹாத்தி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மறு ஆண்டு, நாட்டின் பொது நேரத்தைப் பராமரிக்கும் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள், அஸ்ஸாம்–மேற்கு வங்க எல்லையை ஒட்டிப் பிரிக்கலாம் என்றனர். அங்கே ரயில்கள் எல்லையைக் கடக்கும் இடங்கள் குறைவு என்பதால் குழப்பமும் குறையும் என்பது அவர்கள் வாதம். எதிர்ப்புக்கும் காரணம் உண்டு: ரயில் விபத்து பயம், நேரத்தைப் பிரித்தால் மனமும் பிரியுமோ என்ற கவலை.

இரண்டாவது கவலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரஷ்யாவில் 11 நேர மண்டலங்கள். சீனா அகலமான நாடாக இருந்தும் 1949 முதல் முழுக்க பெய்ஜிங் நேரம்தான். ஆனாலும் மேற்குக் கோடியான சின்ஜியாங்கில் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர்க் கணக்கில்தான் வாழ்கிறார்கள். உத்தரவு போட்டாலும் சூரியன் கேட்பதில்லை. மண்டலத்தைப் பிரிக்கத் தயக்கம் என்றால், வடகிழக்கில் பள்ளிகளையும் அலுவலகங்களையும் ஒரு மணி முன்னதாகத் திறக்கலாமே. அதற்கு ரயில்வே அட்டவணையில் கை வைக்க வேண்டியதில்லை.

'பொது நேரம் ஏன் தேவை?' என்பது அந்தப் பெண்ணின் பாடத்தில் ஒரு கேள்வி. 'குழப்பத்தைத் தவிர்க்க' என்று எழுதி வைத்திருந்தாள். முழு மதிப்பெண் கிடைக்கும். அதன் கீழே இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னேன்: 'நாட்டின் நடுவில் இருப்பவர்களுக்கு இது சௌகரியம், ஓரத்தில் இருப்பவர்கள் வெளிச்சத்தை இழக்கிறார்கள்.'

கொஞ்சம் யோசித்தாள். "இதை எழுதினால் டீச்சர் மார்க்கைக் குறைப்பார்களா மாமா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். பென்சிலால் எழுதிக்கொண்டாள்.