கன்னித்தீவு கழிவுக் காகிதமா?
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

தபால் தலை சேர்ப்பவனை அறிவாளி என்கிறோம். பழங்காசு சேர்ப்பவனை ஆராய்ச்சியாளன் என்கிறோம். நாளிதழில் வரும் படக்கதையை நறுக்கிச் சேர்ப்பவனை மட்டும் 'வேலையற்றவன்' என்று எள்ளி நகையாடுகிறோம். இது நியாயந்தானா? மாணவ நண்பர்களும் மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களும் சற்றே சிந்திக்க வேண்டுகிறேன்.

தினத்தந்தியில் 1960-ஆம் ஆண்டு தொடங்கிய கன்னித்தீவு இன்றும் வந்துகொண்டிருக்கிறது. மந்திரவாதி மூசாவால் சிற்றுருவாக்கப்பட்ட இளவரசி லைலாவுக்காகச் சிந்துபாத் புறப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பகுதிகளின் எண்ணிக்கையோ 20,000-ஐக் கடந்துவிட்டது. முடியாத வழக்கையும் முடியாத சாலைப் பணியையும் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லும் அளவுக்கு அது தமிழர் பேச்சிலேயே கலந்துவிட்டது. ஆயினும் அதன் முதல் நூறு பகுதிகளை வைத்திருப்பவர் நமக்குத் தெரிந்து எவரேனும் உண்டா?

இதை இலக்கியம் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் இது பல்லாயிரம் பேருக்கு எழுத்தறிவித்த ஏடு. சி.பா. ஆதித்தனார் 1942-இல் தொடங்கிய அந்நாளிதழ், எழுத்துக்கூட்டிப் படிப்போருக்கும் புரியும் எளிய நடையைக் கைக்கொண்டது. என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் வழியில், தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, படத்தைப் பார்த்து எழுத்தைப் பழகியவர். அவர் கற்றதே எனக்கு அரிச்சுவடி ஆயிற்று. கற்றோர் வீட்டு நூல்கள் அலமாரியில் காக்கப்படுகின்றன. எம் போன்றோர் வீட்டில் படித்ததெல்லாம் மாதக் கடைசியில் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறிவிடுகிறது.

காமிக்ஸ் புத்தகங்களுக்கேனும் காவலர் உண்டு. 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய இதழ்களைத் தேடி அலைவோர் பலர். அட்டைக்குள் அடங்கியதால் அவை பிழைத்தன. நாள்தோறும் மூன்று நான்கு கட்டங்களாக வந்த கதைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

'பெரிய நூலகங்கள் இருக்கின்றனவே, நமக்கென்ன?' என்று கேட்கலாம். அமெரிக்காவில் நூலகங்கள் நாளிதழ்களை நுண்படம் எடுத்துவிட்டுத் தாள்களைக் கழித்தபோது, பில் பிளாக்பியர்ட் என்ற தனிமனிதர் அவற்றைத் தம் வீட்டில் கொண்டுவந்து குவித்தார். 1998-இல் அத்தொகுப்பு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது அதன் எடை 75 டன்! அவ்வளவு தொலைவு போவானேன்? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு துண்டு விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின், அத்தொகுப்பின்மீதே சென்னையில் 1994-இல் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இன்று அறிஞர் பலர் தேடி வருவது, அன்று பிறர் குப்பை என்று ஒதுக்கியவற்றையுந்தான்.

காலமும் நமக்காகக் காத்திராது. நாளிதழ்த் தாள், மரத்தை இயந்திரத்தில் அரைத்த கூழால் ஆனது. அதில் லிக்னின் நீக்கப்படுவதில்லை. ஒளியும் காற்றும் பட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகிறது. தாளில் அமிலம் பெருகி நொறுங்குகிறது. ஆகவே நறுக்கியதை செல்லோடேப் கொண்டு ஒட்டலாகாது. பசையின் கறை தாளில் ஊறிவிடும். தேதியும் பகுதி எண்ணும் குறித்து, உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தாலே போதும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை; ஒரு கத்தரிக்கோலும் ஒழுங்கும் போதும்.

ஒன்று மட்டும் சொல்வேன். பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பது சேகரிப்பு ஆகாது, அது பதுக்கல். சேர்த்தது பிறர் கண்ணில் பட வேண்டும். நம் கல்லூரி நூலகத்திற்கு வரும் நாளிதழ்கள் கழிவுக்குச் செல்லுமுன், படக்கதைப் பகுதியை நறுக்கி ஆண்டுவாரியாகத் தொகுக்கும் பணியை மாணவர்களாகிய நாமே ஏற்கலாம். விடுபட்ட பகுதிகளைத் தத்தம் வீட்டுப் பரணில் தேடலாம். ஒரு நிலைப்பேழையில் ஒரு தட்டு ஒதுக்கித்தர நூலகர் மனம் வைப்பாராக!

நம்மைப் படிக்க வைத்ததை நாம் காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்?