சொல்லிவிட்டுச் செல்லுங்கள்



பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் காலை வேளையில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை நோக்கி விரையும் தாய்மாரில் தமிழ்த் தாய்மார் பலர் உண்டு. அவர்களுடைய இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்நேரமே நாளின் கடினமான நேரம். உறக்கத்திலிருந்து குளியல், விளையாட்டிலிருந்து உணவு, வீட்டிலிருந்து காப்பகம் என ஒவ்வொரு மாற்றமும் அதற்கு ஓர் இழப்பு. ‘பத்து நிமிடம்’ என்பதன் பொருளை அது இன்னும் அறியவில்லை. ஆகவே அழுகிறது. அது பிடிவாதமன்று.

‘பார்த்தால் அழும்’ என்று, பிள்ளை கவனியாத வேளையில் நழுவிச் செல்வது நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. அதன் பலனோ நேர்மாறானது. அம்மா எந்நேரமும் மறைந்துபோகலாம் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, மறுநாள் அவள் சமையலறைக்குச் சென்றாலும் சேலையைப் பற்றிக்கொள்ளும்.

1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் லண்டனில் ஒரு படம் எடுத்தார். சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றியது அது. அவள் அதிகம் கூச்சலிடவில்லை. ஆனால் காண வந்த தாயிடமிருந்து சிறிது சிறிதாக ஒதுங்கினாள். காப்பகம் மருத்துவமனையன்று, மாலையில் தாய் திரும்பிவிடுகிறாள். எனினும், பிள்ளை அமைதியானதைக் கொண்டே அது பழகிவிட்டதென்று முடிவு செய்யலாகாது.

பின்வருவனவற்றைக் கடைப்பிடித்துப் பாருங்கள்.

1. மணியைச் சொல்லாமல் நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். “சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பால் குடித்ததும் அம்மா வருவேன்.” பூங்காவிலும், “இன்னும் இரண்டு முறை சறுக்கு, பிறகு வீடு” என்று முன்கூட்டியே அறிவியுங்கள்.

2. பிள்ளையைத் தரையில் விட்டுச் செல்லாமல் காப்பாளரின் கையில் கொடுங்கள். ஒரு முத்தம், ஒரே வாக்கியம், பின்பு புறப்பாடு. வாசலில் நின்று தயங்குவதும், அழுகை கேட்டுத் திரும்பி வருவதும் பிரிவை இருமடங்காக்கும். உங்கள் பழைய சேலைத் துண்டொன்று உடனிருந்தால் ஆறுதலாகும்.

3. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குக் காப்பகத்தின் மொழி கன்னடமாயிருக்கலாம். ‘நீரு’, ‘பேக்கு’, ‘பேடா’, ‘சாக்கு’ என்னும் நான்கு சொற்களை விளையாட்டாகக் கற்பியுங்கள். தாகத்தையும் மறுப்பையும் சொல்ல முடிந்தால் பாதி அழுகை குறையும். சிறுநீர் கழிக்கப் பிள்ளை சொல்லும் தமிழ்ச் சொல்லைக் காப்பாளருக்கும் தெரிவியுங்கள்.

4. இரவில் குளியல், உணவு, குடும்ப ஜெபம், உறக்கம் என்னும் வரிசை மாறாதிருக்கட்டும். பகலுறக்கத்தையும் சேர்த்து 1-2 வயதில் 11 முதல் 14 மணி நேரமும், 3-4 வயதில் 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. உறக்கம் குறைந்த பிள்ளைக்குச் சிறு மாற்றமும் மலையாகும்.

5. அழுகையை அடக்கக் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். அதைத் திரும்ப வாங்குவதே இன்னொரு பிரிவாகிவிடும். இரண்டு வயதுக்குட்பட்டோர், உறவினருடன் காணொளியில் பேசுவதைத் தவிர, திரையைப் பார்க்கலாகாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் வழிகாட்டியது.

2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதியையும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை பிள்ளையைக் காணும் உரிமையையும் கொண்டுவந்தது. அப்படிக் காணச் செல்லும் தாய் நான்கு முறையும் சொல்லிவிட்டே திரும்பட்டும்.

பல வாரங்களாகியும் பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும், விளையாட்டில் நாட்டமின்றியும் இருந்தால் தாமதியாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிகுதி நேர வேலை இருக்கும் நாளில் “சீக்கிரம் வருவேன்” என்று வாக்களிக்காதீர்கள். “இன்று அப்பா வந்து அழைத்துப்போவார்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். சொன்னபடி யாரேனும் வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு மாலையும், மறுநாள் காலையின் அழுகையைச் சற்றே குறைக்கும்.