பாட்டியின் மஞ்சள் கிண்ணம்



மார்கழிப் பனியில் திருத்தணி மலைப்படிகளில் வெறுங்காலோடு ஏறியிருக்கிறீர்களா? உள்ளங்கால் விறைத்துப்போகும். அந்தப் படிகளுக்கு என் பாட்டி மஞ்சள் பூசுவதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடக்கையில் பித்தளைக் கிண்ணம். குழைத்த மஞ்சளை மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பார். ஒரு கற்பூரத்தை ஏற்றிவிட்டு, முழங்காலில் கையூன்றி எழுந்து அடுத்த படிக்குப் போவார். மொத்தம் 365 படிகள்.

அவர் சிறுமியாக இருந்த காலத்தில், ஜனவரி முதல் தேதி என்றால் உத்தியோகஸ்தர்கள் மாலையும் பழமுமாகத் துரை பங்களா வாசலில் போய் நிற்பார்கள். அதைப் பார்த்து மனம் நொந்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். புது வருஷத்தில் முதல் வணக்கம் தணிகை முருகனுக்கே என்று, 1917 டிசம்பர் 31 அன்று அன்பர்களைத் திரட்டிப் படிக்கொரு திருப்புகழ் பாடி மலையேறினார். இன்றைக்கும் நடக்கும் படித் திருவிழா அப்படித் தொடங்கியதுதான்.

பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுவார், படியில் தமிழில் பாடுவார். பிறந்தது வடஆர்க்காடு மாவட்டத்தில். 1911இல் ஊர் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 1953இல் ஆந்திர மாநிலம். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இத்தனைக்கும் பாட்டி வீடு மாறவில்லை. விலாசம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

1888இல் இங்கே பிறந்த ராதாகிருஷ்ணனின் வாழ்க்கையை எழுதிவிட்டார்கள். எல்லைப் போராட்டத்தையும் எழுதிவிட்டார்கள். படிக்கு மஞ்சள் பூசியவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? அந்த முதல் வருஷம் மலையில் பாட்டு கேட்டதா, மறுநாள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று பாட்டியிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. கிண்ணம் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டியவர்கள் இருந்தால், அவர்கள் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டதை இன்றே கேட்டு எழுதி அனுப்புங்கள். பழைய கடிதம், கடைக் கணக்கு நோட்டு இருந்தால் பிரதி எடுத்து அனுப்பினால் போதும். நடுவில் தெலுங்குச் சொல் வந்தால் அப்படியே இருக்கட்டும். நாங்கள் திருத்த மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்