கொதிக்கும் குழாயின் குதர்க்கம்

குழாயில் அதிக ஜலம் ஓடவேண்டுமானால் அதிக பலத்துடன் தள்ளவேண்டும்; மெதுவாய் ஓடினால் போதுமென்றால் சிறிது பலமே போதும். தோட்டத்துக்குப் பம்பு வைத்து இறைக்கும் எவரும் அறிந்த நியாயம் இது. ஆனால் அதே குழாயை நெருப்பிலிட்டு, ஜலம் உள்ளேயே கொதிக்கும்படி செய்துவிட்டால், இந்த நியாயம் தலைகீழாகிவிடுவதுண்டு என்றால் நேயர்கள் நம்புவார்களா?

காரணம் நீராவியின் இயல்பே. வீட்டு அடுப்பில் ஒரு படி ஜலம் முழுதும் ஆவியானால் சுமார் 1,600 படி இடத்தை அடைத்துக்கொள்ளும். பெரிய பாய்லர்களில் அழுத்தம் மிகுதியாதலால் ஆவி அவ்வளவு விரிவதில்லை. ஆயினும் காற்று மண்டலத்தைப்போல் 70 மடங்கு அழுத்தத்திலும், ஜலத்தைக் காட்டிலும் 20 மடங்கு இடம் அதற்கு வேண்டும்.

இப்போது குழாயில் ஓட்டம் சற்றே குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மெதுவாய்ச் செல்லும் ஜலம் அதிகமாகச் சூடேறுகிறது; ஆவி பெருகுகிறது. பெருகிய ஆவி அதே குறுகிய வழியில் வெளியேற விரைந்தோட வேண்டியிருப்பதால் உராய்வு கூடுகிறது. ஆகவே, ஜலம் குறைந்திருக்கும்போதே தடை அதிகரிக்கிறது! தடை அதிகரிக்கவே ஓட்டம் மேலும் குன்றுகிறது. பக்கத்தில் வேறு குழாய்கள் இருந்தால் ஜலம் அவற்றை நாடிச் சென்றுவிடும். கைவிடப்பட்ட குழாய் வறண்டு, உலோகம் பழுத்து, வெடிக்கவும் கூடும். 1938-ல் லெடிநெக் என்பவர் இதை ஆராய்ந்து விளக்கினார். இன்றும் இக்கோளாறு அவர் பெயராலேயே வழங்குகிறது.

மற்றொரு விபரீதமும் உண்டு. வாயிலில் நேர்ந்த மாறுதலின் பலன் மறுமுனையில் தெரியச் சிறிது தாமதம் ஆகிறது. தாமதித்து வரும் எதிர்ப்பு, ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளும் கையைப்போல், ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வளர்த்துவிடுகிறது.

1988 மார்ச்சு 9-ந் தேதி அமெரிக்காவில், இல்லினாய் மாகாணத்து லாஸால் அணுசக்தி நிலையத்தின் இரண்டாவது உலையில் இதுவே நடந்தது. ஊழியர் ஒருவர் கருவி வால்வைத் தவறாகத் திருப்பியதில், ஜலத்தைச் சுழற்றும் இரு பம்புகளும் நின்றன. அவ்வகை உலையில் ஆவி மிகுந்தால் அணுப் பிளவு குறையும். ஜலம் மிகுந்தால் கூடும். எனவே ஓட்டத்தோடு உலையின் சக்தியும் 2, 3 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கலாயிற்று. சுமார் 7 நிமிஷத்தில் அது முழு அளவில் 118 சதவீதத்தை எட்டவே, காவல் யந்திரம் தானாகவே உலையை நிறுத்தியது. நல்ல வேளையாகச் சேதம் ஒன்றுமில்லை. இரு பம்புகளும் நின்றால் உடனே உலையை நிறுத்திவிடவேண்டும் என்ற விதி அதன் பின்னர் பல நிலையங்களுக்கு ஏற்பட்டது. 1969-ல் தொடங்கிய நமது தாராப்பூர் நிலையத்தின் முதல் இரண்டு உலைகளும் ஜலத்தை உள்ளேயே கொதிக்கவைக்கும் இதே ஜாதியைச் சேர்ந்தவை.

இதற்குப் பரிகாரம் யாது? குழாயின் வாயிலில் சிறு துவாரமுள்ள தகடு ஒன்றைப் பொருத்துவதுதான்! அங்கே ஆவி இல்லை. குளிர்ந்த ஜலம் மட்டுமே செல்கிறது. ஓட்டம் குறைந்தால் அந்தத் தடையும் குறைந்து, ஜலத்தை மீண்டும் உள்ளே வரவிடும். அதே தகட்டை ஆவி வெளியேறும் முனையில் வைத்தாலோ, தொல்லை இரட்டிக்கும். பம்புக்கு வேலை சற்று அதிகந்தான். ஆனால் வாயிலில் ஏற்கும் அந்தச் சிறு தடையே உள்ளே எழும் பெரும் கொந்தளிப்பை அடக்கிவிடுகிறது.