பக்கவாத நோயாளியின் ஆகாரக் கணக்கு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மூட்டை சுமந்தவராயினும், ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள தோபி கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் நம் தமிழ்க் குடும்பத்தவராயினும், பக்கவாதம் கண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது கொடுக்கப்படும் காகிதத்தில் மாத்திரையின் பெயரும் அளவும் வேளையும் திருத்தமாக எழுதப்பட்டிருக்க, ஆகாரத்தைக் குறித்து மட்டும் உப்பைக் குறைக்கவேண்டும் என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. இதைப் பெருங்குறையென்றே நான் கருதுகிறேன்.

அசையாமல் படுத்திருக்கும் சரீரமும் இதயம் துடிக்க, மூச்சு ஓட, மூளையும் கல்லீரலும் தம் காரியத்தைச் செய்ய இடைவிடாது சக்தியைச் செலவிடுகிறது. படுக்கையிலிருப்பவருக்குத் தேவையான ஆகாரத்தில் பெரும்பகுதி இந்த ஓய்வுநிலைச் செலவுக்கே போய்விடுகிறது. நோயாளி உட்கொள்ளும் பிராணவாயுவையும் வெளியிடும் கரியமில வாயுவையும் அளந்து இதைத் துல்லியமாகக் கண்டறியும் கருவி உண்டெனினும், அது பெரிய மருத்துவமனைகளிலேயே அபூர்வமாதலால், வைத்தியர்கள் சூத்திரங்களை நம்பி அனுமானிக்கிறார்கள். அவற்றுள் பிரசித்தமானது, 1919-ல் அமெரிக்காவில் ஹாரிஸ், பெனடிக்ட் என்னும் இருவர் ஆரோக்கியமான 239 ஆண் பெண்களை அளந்து வகுத்தது. அதன்படி 65 வயதும் 60 கிலோ எடையும் 165 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஆணுக்கு ஓய்வுநிலையில் நாளொன்றுக்குச் சுமார் 1,280 கலோரி. புரண்டு படுப்பது, பயிற்சி செய்வது ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் ஏறக்குறைய 1,500.

ஆயின் அந்தச் சூத்திரம் நோயாளிக்காகவோ, நம் தேசத்தவருக்காகவோ பிறந்ததன்று. உலக சுகாதார நிறுவனத்தார் ஏற்ற சூத்திரங்களே இந்தியருக்குச் சற்று மிகையென்று கண்டு, நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 5 சதவீதம் குறைத்துக்கொண்டது. பக்கவாத நோயாளிகளையே மூன்று மாதம் தொடர்ந்து அளந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுடைய ஓய்வுநிலைச் செலவு பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்றே கண்டது. எனினும் ஜுரம் வந்தால் செலவு ஏறும்; செயலிழந்த கைகால்களின் தசை கரையக் கரைய அது இறங்கும். குறைவாக ஊட்டினால் படுக்கைப்புண் ஆறாது, பயிற்சிக்கு வலுவும் இராது. அதிகமாக ஊட்டினால் சர்க்கரை ஏறும். ஆகவே சூத்திரம் தரும் எண்ணை முதல் நாளின் அனுமானமாக வைத்துக்கொண்டு, பின் நாள்தோறும் நோயாளியைப் பார்த்துத் திருத்துவதே முறை.

நம் வீடுகளில் நடப்பதையும் சற்றுக் கவனிப்போம். விழுங்கச் சிரமப்படுகிறாரே என்ற அன்பினால் கஞ்சியை வடிகட்டித் தெளிநீரை மட்டும் ஸ்பூனில் புகட்டுகிறோம். 50 கிராம் அரிசியில் இருப்பது சுமார் 175 கலோரி. ஒரு பருக்கையும் விடாமல் நான்கு வேளை கொடுத்தாலும் 700-ஐத் தாண்டாது, தேவையில் பாதிகூட ஆகாது. சோற்றைக் களைந்துவிட்ட நீரில் என்ன எஞ்சும்? தவிரவும், தண்ணீர்போன்ற நீர்மமே பலருக்குப் புரையேறி நுரையீரலுக்குள் இறங்குகிறது. விழுங்கும் திறனைப் பரிசோதித்து, வைத்தியர் அனுமதிக்கும் பதத்தில் சோற்றை மசித்து, பாசிப்பருப்பும் முட்டையும் சேர்த்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயையும் விட்டால் அந்த எண்ணெயிலேயே 40 கலோரி கிடைக்கும்.

நிற்க இயலாதவரை நாற்காலியில் இருத்தி எடைபார்க்கலாம். அதுவும் இயலாவிடில், பாதிக்கப்படாத கையின் மேற்பகுதியை வாரந்தோறும் தையல்காரர் நாடாவால் அளந்து குறித்துவைக்கலாம். 2008-ல் வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கையை வகுத்து, வீடு தேடி வரும் செவிலியரை உள்ளாட்சி மன்றங்களின் மூலம் ஏற்படுத்திக்கொண்ட கேரளத்துக்கு இது புதிய பாரமன்று. கொச்சி மாநகராட்சியும் அரசாங்க ஆஸ்பத்திரிகளும், மாத்திரைகளின் கீழே நோயாளியின் எடை, தினசரிக் கலோரி, மறு எடையின் தேதி என்னும் மூன்று வரிகளை அந்தக் காகிதத்தில் சேர்க்கவேண்டும். அது நடக்கும்வரை, வீடு திரும்பும் நாளன்று இம்மூன்றையும் வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.