பூல் டேபிள் பட்ஜெட்டும் மூன்று வரிப் பொய்யும்

"ஒரு ப்ளைவுட், பச்சைத் துணி, ஒரு செட் பந்து. அவ்ளோதான் மாப்ள!"

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் ரயிலில் நண்பன் ஒரு பேப்பரை நீட்டினான். மொட்டை மாடி ஷெட்டில் சொந்தமாகப் பூல் டேபிள் செய்யப் போகிறானாம். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடுவதை விட இது சேமிப்பாம். பணம்? அம்மா எடுக்கப் போகும் சீட்டு. கடைசி வரியைக் கேட்டதும்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

காமர்ஸ் படிக்கிறவன் போடுகிற பட்ஜெட்டா இது? விட்டுப்போன வரிகளை நான் எழுதுகிறேன்.

முதலில் இடம். எட்டடி மேஜையின் ஆடுதளம் 88க்கு 44 அங்குலம். குச்சி 58 அங்குலம். நாலு பக்கமும் குச்சியை இழுத்து அடிக்க வேண்டாமா? கூட்டினால் 17 அடிக்கு 13 அடி 4 அங்குலம். உங்கள் ஷெட் அவ்வளவு பெரியதா?

அடுத்தது தளம். ப்ளைவுட் ஐப்பசி மழையில் ஈரம் குடித்து வளைந்தால், எங்கே அடித்தாலும் பந்து ஒரே மூலைக்குத்தான் போகும். அதனால்தான் நல்ல மேஜைகளில் ஸ்லேட் கல் போடுகிறார்கள். ஒரு அங்குல கனத்தில் கல் மட்டுமே சுமார் 200 கிலோ. "திருவக்கரை பக்கம் கல்லுக்கா பஞ்சம்?" என்றான். கல்லுக்குப் பஞ்சமில்லைடா, மட்டத்துக்குத்தான் பஞ்சம். சமையல் மேடைக் கிரானைட்டை ஒட்டிப் போட்டால் இணைப்பில் எல்லாம் பந்து துள்ளும். மட்டம் பார்க்கிற கூலி எந்த வரியில் இருக்கிறது?

பிறகு ரப்பர். பந்தின் விட்டம் 57 மி.மீ. குஷனின் முனை மேஜைத் தளத்திலிருந்து சுமார் 36 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் பந்து எகிறும், உயர்ந்தால் அமுங்கும். சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் நடக்காது.

கடைசியாக மணிக்கணக்கு. ஒரு பேச்சுக்கு மொத்தம் 60,000 ரூபாய், வெளியே மணிக்கு 120 ரூபாய் என்று வையுங்கள். போட்ட காசு திரும்ப 500 மணி நேரம் ஆட வேண்டும். ஞாயிறுக்கு ரெண்டு மணி நேரம் என்றால் 250 ஞாயிறு, கிட்டத்தட்ட அஞ்சு வருஷம்! நம்ம டிகிரியே மூணு வருஷம்தான். அப்புறம் சென்னையோ பெங்களூரோ... மேஜையில் அம்மா வடகம் காயப்போடுவார்.

கையால் செய்வது ஒரு சந்தோஷம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதைப் 'பொழுதுபோக்கு' என்று எழுதுங்கள், உங்கள் சம்பாத்தியத்தில் செய்யுங்கள். 'சேமிப்பு' என்று எழுதி அம்மாவிடம் நீட்டாதீர்கள்.

ஒன்று யோசியுங்கள். ஸ்னூக்கர் 1875ல் ஜபல்பூரில், ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பிறந்ததாகச் சொல்வார்கள். அதன் விதிகள் 1882ல் நம்ம ஊட்டி கிளப்பில் எழுதப்பட்டன. வசதியான துரைமார்களே பொது மேஜையில் சேர்ந்துதான் ஆடினார்கள். ஆளுக்கொரு மேஜை நமக்கு எதற்கு?

குறிபார்த்து அடிக்கிற ஆசைதான் என்றால் 74 செ.மீ. கேரம் போர்டு இருக்கிறது. சென்னையின் மரியா இருதயம் 1991லும் 1995லும் உலக சாம்பியன். 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தப் போர்டை மழை வந்தால் உள்ளே தூக்கி வைத்துவிடலாம்.

டிஸ்கி: நண்பன் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். கிழிக்கவில்லை. சீட்டு எடுக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது. அதுவரை தினமும் ரயிலில் நச்சரிப்பதாக உத்தேசம்.